தண்டவாள மணியின் முதல் அடி

கேட்டு முடித்ததும் தலையாட்டிவிட்டு எழுந்து போகிறவர்களுக்கான கதை அன்று இது. முடிவில் உங்கள் வாயிலிருந்து ஒரு பெயர் வர வேண்டும். ஆகவே யார் எதைக் கொடுத்தார்கள் என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

முத்தந்துறைக் கடற்கரையின் புனித சூசையப்பர் பள்ளிக்கு மணியாக இருந்தது ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு. வாசல் பூவரசில் கம்பியால் கட்டித் தொங்கும். அந்த ஓசைக்கு மூன்று தலைமுறைப் பிள்ளைகள் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். இப்போது அங்கே மின்சார மணி. அடுத்த வீட்டுக்காரன் அவசரமாக வாசல் மணியை அழுத்துவதுபோல் கத்துகிறதாம். தலைமையாசிரியை வியாகுல மேரி ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். என்றாலும் காலை ஒன்பதேகாலுக்கு அந்த இரும்பின் நீண்ட அதிர்வு அவர் காதுக்குள் ஒருமுறை வந்து போகிறது. கூடவே புது ஓட்டின் மண்வாசமும், அவர் தம் வாயாலேயே வரவழைத்துக்கொண்ட ஒரு சங்கடமும் வரும்.

அவர் பணியில் இருந்தபோது ஓர் ஆண்டு, புயலில் பூவரசு சாய்ந்தது. சாய்ந்த இடம் பள்ளிக் கூரை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் நகரத்துக் கான்வென்டுக்குப் பேருந்து ஏறினார்கள். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஜூன் மாதம் ஆய்வாளர் வரும் திங்கட்கிழமை பள்ளிக்குக் கூரை இருக்க வேண்டும், வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும், எண்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பள்ளி மூடப்படும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வியாகுல மேரி பீடத்தருகே போய் நின்றார்.

"நம்ம பள்ளிக்கூடம் நிலைக்கிறதுக்காகத் தன்னோடதை யார் குடுக்கிறாங்களோ, அவங்க கையாலதான் சூசையப்பர் திருநாளுக்கு முதல் மணி அடிக்கணும். இது என் வாக்கு."

ஊருக்கே உரிய காரியத்துக்கு ஒரே ஒரு பரிசை வைத்தது பிழை. அது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

முதலில் வந்தவர் விசைப்படகு முதலாளி கயித்தான் மச்சாது. அந்தப் பள்ளியில் படித்தவர். கூரை முழுவதுக்கும் லாரியில் ஓடு வந்து இறங்கியது. "எங்கய்யா பேரு ஒரு கல்லுல இருந்தாப் போதும் டீச்சர், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். பெயர் வெட்டிய கல் அதே லாரியில்தான் இருந்தது. அவருடைய இரு மகன்களும் கான்வென்டிலேயே படித்தார்கள்.

அடுத்தவள் ரெஜினாள், ஊரில் ஒரு மீனவர் வீட்டுப் பெண். பள்ளியின் இரண்டாம் வகுப்பு ஆசிரியைக்கு அரசுச் சம்பளம் கிடையாது; ஊரின் பிடியரிசிதான் சம்பளம். உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார்கள். புயலுக்குப் பின் கடலில் தொழில் இல்லை, பிடியும் நின்றது. ஓலைப்பெட்டியில் தன் பிடியை முதலில் போட்டுக்கொண்டு ரெஜினாள் அந்த ஆசிரியைக்காக வாசல் வாசலாக நின்றாள்.

"ஒரு பிடிக்கு ஏன் இப்படி மொறைக்கிய? ஒம் மவன் கையப் பிடிச்சு எழுதப் பழக்குனது யாரு, கடலா?"

பெட்டி நிறைந்தது. ஆசிரியை ஊரை விட்டுப் போகவில்லை.

மூன்றாமவன் நாட்டுப்படகுக்காரன் சந்தியாகு. பெயர்ப்பட்டியல் எழுபத்தொன்பதில் நின்றபோது வந்தான். அவன் மகள் ஜெனோவா பரீட்சை எழுதித் தேறி, கான்வென்டில் ஏழாம் வகுப்புக்கு இலவச இடம் வாங்கியிருந்தாள். "இவ பேர இங்க எழுதுங்க டீச்சர்" என்றான்.

கதவோரம் நின்ற ஜெனோவா கேட்டாள்: "எங்கிட்ட கேட்டியளாப்பா?"

"ஏட்டி, ஒங்கிட்ட வேற கேக்கணுமா?"

ஆய்வாளர் வரும் திங்கள் விடிந்தது. சந்தியாகு கடலுக்குப் போயிருந்தான். கான்வென்டிலும் அன்றைக்குள் சேராவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். பேருந்து பூவரசின் அடிக்கட்டை அருகே வந்து நின்றது. கான்வென்டின் நீலப் பாவாடையில் ஜெனோவா படியருகே நிற்பதை வியாகுல மேரி சன்னல் வழியே பார்த்தார். கூப்பிட வாயெடுத்தவர் கூப்பிடவில்லை.

"ஏறலையா பாப்பா?" என்றார் நடத்துனர்.

"நீங்க போங்கண்ணே."

பேருந்து வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டு, அவள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆய்வாளர் எண்ணினார். எண்பது.

மார்ச் மாதம் திருநாள் வந்தது. மணலில் கிடந்த தண்டவாளத்தைப் புது உத்திரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். சுத்தியல் வியாகுல மேரியின் கையில். மூவரும் முன்னால் வந்து நின்றார்கள்.

"கூரை இல்லாட்டா மணிய எங்க கெட்டுவிய?" என்றார் மச்சாது.

"கூரையா பாடம் நடத்திச்சு?" என்றாள் ரெஜினாள்.

"காலி பெஞ்சுக்கா அந்த டீச்சர் பாடம் நடத்துவாவ?" என்று சிரித்தான் சந்தியாகு.

பங்குச் சாமியாரை வியாகுல மேரி பார்த்தார். "என்னப் பாக்காதீங்க டீச்சர். வாக்குக் குடுத்தது நீங்க" என்று அவர் நகர்ந்துகொண்டார். மூவரில் எவர் மனம் முறிந்தாலும் அடுத்த ஆண்டு பள்ளி ஆட்டம் காணும். வாக்குத் தவறினாலோ, இனி அந்த ஊரில் அவர் சொல் எடுபடாது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வாக்குத் தவறாமல் இருக்க, அந்தச் சுத்தியல் யார் கைக்குப் போக வேண்டும்?

விடை: ஜெனோவாவின் கைக்கு. வாக்கு "தன்னோடதை" கொடுப்பவருக்கு. மச்சாது கூரைக்கு ஓடு கொடுத்துக் கல்லில் பெயரை வாங்கிக்கொண்டார்; அது நல்ல வியாபாரம். ரெஜினாளின் பெட்டியில் அவளுடையது ஒரு பிடி, மிச்சம் ஊருடையது. சந்தியாகு கொடுத்தது மகள் படித்து வாங்கிய இடம். அவன் எழுதவைத்தது வெறும் பெயர், அவள் பேருந்தில் ஏறியிருந்தால் அதுவும் பொய். தன்னுடையதைக் கையில் வைத்திருந்து, தெரிந்தே விட்டவள் அவள் ஒருத்திதான். வியாகுல மேரி மூவரையும் கடந்துபோய்க் கடைசி பெஞ்சில் இருந்தவளிடம் சுத்தியலை நீட்டினார். முதலில் சிரித்தவள் ரெஜினாள். மற்ற இருவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்கள். அன்று மாலையிலிருந்து கான்வென்டின் பாடங்களைத் தம் வீட்டில் வைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார் வியாகுல மேரி. பிள்ளையிடம் வாங்கியதைத் திருப்பித் தராத பள்ளி நிலைத்தும் பயனில்லை. ஜெனோவாவின் அந்த முதல் அடி தேவைக்கு மேல் பலமாக விழுந்தது. அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது. ஒன்பதேகாலுக்கு அவர் காதில் இன்றும் கேட்பது அந்த அடிதான்.