முழங்கால் போட்ட எருமை

"கிதியோன் அண்ணாச்சி முழங்கால் போட்டாருன்னா, அதோட அன்னைக்கு ஓட்டம் முடிஞ்சுது."

பனங்காட்டுக் குளத்தில் தாமரை இலைமேல் உட்கார்ந்திருந்த ஒரு தவளை, பக்கத்து இலைத் தவளையிடம் இப்படிச் சொன்னது. அந்த இலைக்குப் பக்கத்திலேயே, மூக்கையும் கொம்பையும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிதியோன் எருமை கிடந்தது. தவளை அதைப் பாறை என்று நினைத்திருந்தது.

பாறை பெருமூச்சு விட்டது. இரண்டு தவளைகளும் தண்ணீருக்குள் குதித்தன.

"கேட்டியா கெத்தூராள்? என் ஜெபத்தைக் கேலி பண்ணுதுக" என்றது கிதியோன்.

அதன் கொம்பில் உட்கார்ந்திருந்த கெத்தூராள் ஒரு கரிச்சான் குருவி. கிதியோனின் முதுகுதான் அதற்கு வீடு. அங்கே வரும் பூச்சிகள்தான் சாப்பாடு. அதனால் வீட்டுக்காரரிடம் எதையும் சற்று யோசித்தே பேசும்.

"ஜெபத்தைக் கேலி பண்ணின மாதிரி தெரியலையே அண்ணே. முழங்காலைப் பத்தித்தான் பேசிச்சு" என்றது.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று கிதியோன் தண்ணீருக்குள் முகத்தை முக்கிக்கொண்டது.

பனங்காட்டுக் குளத்து விலங்குகள் பக்தியானவை. புதன்கிழமைதோறும் மருத மரத்தடியில் ஜெபக் கூட்டம் நடக்கும். கொக்கு ஏனோக்குதான் பாஸ்டர். வெள்ளை அங்கி அவருக்குப் பிறவியிலேயே அமைந்துவிட்டது. ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு பிரசங்கம் செய்வார். மீன்கள் உருக்கமாகக் கேட்கும். ஆனால் கடைசி வரிசையில் இருந்துதான் கேட்கும். "பாஸ்டர் தங்கமானவர். இருந்தாலும் நடுவுல கண்ணைத் திறந்துட்டாருன்னா?" என்று தாய் மீன்கள் பிள்ளைகளைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்ளும்.

வருடத்துக்கு ஒருமுறை, அறுப்பின் பண்டிகையன்று, கரைச்சுற்று ஓட்டம் நடக்கும். மருத மரத்தடியில் புறப்பட்டு, குளக்கரையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடியும் மரத்தடிக்கு வர வேண்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. சுற்றி முடித்தவர்களின் பெயரைப் பாஸ்டர் சத்தமாகச் சொல்வார். சபையார் "ஸ்தோத்திரம்" என்பார்கள். பிறகு அசன விருந்து. அவ்வளவுதான்.

அந்தக் குளத்தில் எல்லாருடைய பெயரையும் ஒருமுறையாவது சொல்லியாகிவிட்டது. நண்டின் பெயரைக்கூட. அது பக்கவாட்டிலேயே ஓடி, வழி மாறி, அடுத்த ஊர்க் குளத்தைச் சுற்றிவிட்டு, விருந்தெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் வந்து சேர்ந்தது. "குளம் எதுவானாலும் சுற்றினது சுற்றினதுதான்" என்று பாஸ்டர் அதன் பெயரையும் சொல்லிவிட்டார்.

கிதியோனின் பெயர் மட்டும் இன்னும் சொல்லப்படவில்லை.

உடம்பில் பெலன் இல்லாமல் இல்லை. பாதி வழியில் ஒரு சேற்றுப் பள்ளம் இருந்தது. அதுதான் சிக்கல். கரேலென்று, குளுகுளுவென்று, அல்லிக் கிழங்கு வாசனையோடு ஒரு சேறு. அதைத் தன் சுயபெலத்தால் தாண்ட முடியாது என்று கிதியோனுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு வருடமும் பள்ளத்தின் ஓரத்தில் நின்று, கண்ணை மூடி, முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்தச் சேற்றைத் தாண்ட எனக்குப் பெலன் தாரும்" என்று தொடங்கும். அதற்குப் பிறகு நடப்பது எதுவும் அதற்கு நினைவிருக்காது. கண்ணைத் திறக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். காது வரைக்கும் சேறாக இருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்று கிதியோனுக்குப் புரியவே இல்லை. கடைசியில் அது ஒரு முடிவுக்கு வந்திருந்தது. எல்லாருடைய ஜெபத்தையும் கேட்கிற ஆண்டவர், தன் ஜெபத்தை மட்டும் கேட்பதில்லை. இந்த வருடமும் சேற்றில் கண் விழித்தால், இனிமேல் புதன்கிழமைக் கூட்டத்துக்குப் போகப் போவதில்லை. இதை அது யாரிடமும் சொல்லவில்லை. கெத்தூராளிடம்கூட. நினைக்கும்போதே நான்கு இரைப்பைகளும் ஒரே நேரத்தில் காலியானது போல இருந்தது.

பண்டிகைக்கு முந்தின நாள், சபை மூப்பர் லாபான் பார்க்க வந்தது. லாபான் ஒரு கிழட்டு வெள்ளாடு. நல்ல தாடி. நல்ல தொப்பையும்கூட.

"என்ன கிதியோன், முகம் வாடிப் போயிருக்கு?"

"நாளைக்கு ஓட்டம் மூப்பரே. இந்த வருஷம் கொஞ்சம் ஓடிப் பழகலாம்னு பார்த்தேன்."

லாபான் பதறிப் போனது. "பழகுறதா? விசுவாசம் இருக்கிறவன் பழகுவானா? போன வருஷம் நீ எவ்வளவு நேரம் ஜெபம் பண்ணுன?"

"தெரியலையே. கண்ணைத் திறந்தா சாயங்காலம்."

"பத்தாது. இந்தத் தடவை இன்னும் ஆழமாப் பண்ணு. அதே பள்ளத்துக்கிட்டதான் பண்ணணும். நல்லா முழங்காலை மடக்கி. நின்னுக்கிட்டு ஜெபம் பண்ணினா பெருமை. நடந்துக்கிட்டுப் பண்ணினா அலட்சியம்."

கிதியோன் பயபக்தியோடு தலையாட்டியது. தலை ஆடியதில் கெத்தூராள் கீழே விழப் பார்த்தது.

லாபானுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? விருந்தில் கிதியோனுக்கென்று பச்சைக் கடலைக்கொடி ஒரு கட்டு எடுத்து வைப்பார்கள். எருமைக்கான கட்டு என்பதால் மலைபோல இருக்கும். வராதவர்களின் பங்கு மூப்பருக்கு என்பது சபை வழக்கம். லாபானின் தொப்பையில் பெரும்பகுதி கிதியோனின் ஜெபத்தால் வளர்ந்தது.

மறுநாள் காலை எல்லாரும் மருத மரத்தடியில் கூடினார்கள். பாஸ்டர் ஏனோக்கு மடக்கி வைத்திருந்த காலைக் கீழே ஊன்றினார். அதுதான் ஓட்டம் தொடங்குவதற்கு அடையாளம்.

வாத்துகள் வரிசையாக ஓடின. நண்டு இந்த முறை கரையைப் பார்த்து நிற்காமல் தண்ணீரைப் பார்த்து நின்று, சரியான பக்கமாகவே புறப்பட்டது. கிதியோன் ஓடியபோது கரை அதிர்ந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த தவளைகள் தாங்களாகக் குதிக்காமலேயே நாலு முழம் உயர எழும்பி விழுந்தன.

"இப்படியே அடிக்கடி எங்க பின்னால வாங்க அண்ணாச்சி" என்று ஒரு தவளை நன்றி சொன்னது.

வெயில் ஏறியது. சேற்றுப் பள்ளம் வந்தது. கிதியோனுக்கு முன்னாலேயே வாசனை வந்து வரவேற்றது.

அங்கே ஒரு வேலமர நிழலில் லாபான் உட்கார்ந்திருந்தது. மூப்பர்கள் ஓட வேண்டியதில்லை, ஓடுகிறவர்களைத் தேற்றினால் போதும் என்று அது தானாகவே ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தது.

"வா தம்பி. இதுதான் இடம். முழங்கால் போடு."

கிதியோன் நின்றது. முன்னங்கால்களை மடக்கி மண்ணில் ஊன்றியது. ஆனால் இந்த முறை கண்ணை மூடவில்லை. எந்தத் தவளையாவது பார்த்துச் சிரிக்கிறதா என்று கண்டுபிடித்தாக வேண்டும் அல்லவா? அதனால் ஜெபத்தைத் தொடங்கிவிட்டு, கழுத்தைத் திருப்பி மெல்லப் பின்னால் பார்த்தது.

பின்னால் தவளை எதுவும் இல்லை. அதனுடைய பின்னங்கால்கள் இருந்தன. யாரும் சொல்லாமலே, ரொம்ப நாள் பழக்கம்போல, அவை மெதுவாக மடங்கிக்கொண்டிருந்தன.

"கெத்தூராள், அதுக என்ன பண்ணுதுக?"

"படுக்கப் போகுதுக அண்ணே" என்றது கெத்தூராள். "எருமைன்னா அப்படித்தான். முன்னங்கால் மடங்கினா பின்னங்கால் மடங்கும். பின்னங்கால் மடங்கினா வயிறு சேத்துல படும். வயிறு சேத்துல பட்டா உங்களுக்குத் தூக்கம் வரும்."

"இதை ஏன் நீ இத்தனை வருஷமா சொல்லலை?"

"நீங்க ஜெபத்துல இருந்தீங்க. நடுவுல பேசக் கூடாதுன்னு இருந்தேன்."

கிதியோன் தன் கால்களை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தது. பெலன் தாரும், பெலன் தாரும் என்று கேட்டுக்கொண்டே, கொடுத்த பெலனையெல்லாம் சேற்றில் படுக்கப் போட்டிருக்கிறது! வயிறோ தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது. சேறு ஜில்லென்று ஆவி விட்டது. இன்னும் ஒரு சாண்தான். அந்த ஒரு சாணை எதிர்த்து எழுந்திருப்பது, குளத்தையே முதுகில் தூக்குவது போல இருந்தது.

"ஆண்டவரே, மன்னிக்கணும். நடந்துக்கிட்டே பேசுறேன்" என்று முனகிக்கொண்டு கிதியோன் எழுந்தது.

"நடந்துக்கிட்டு ஜெபமா?" லாபான் அலறியது. "மரியாதை வேண்டாமா?"

"மூப்பரே, பரலோகத்துல இருக்கிறவருக்குக் காது கேக்கும்" என்றது கெத்தூராள்.

கிதியோன் பள்ளத்தைச் சுற்றி நடந்தது. மீதிப் பாதி வழி முழுவதும் அது ஜெபம் செய்தது. ஆனால் இத்தனை நாள் செய்த அலங்காரமான ஜெபம் அல்ல அது. மூச்சு வாங்கியதில் பெரிய வார்த்தைகள் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. "ஆண்டவரே, இடது கால்" என்றது. பிறகு "ஆண்டவரே, அடுத்தது" என்றது. வெயிலைப் பற்றிப் புகார் சொன்னது. தவளைகளைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. ஒரு மேட்டில் கால் வழுக்கியபோது கொஞ்சம் அழவும் செய்தது.

வானத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. காற்றுகூட அடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அடுத்த காலைத் தூக்க முடிந்தது. நெடுநேரம் கழித்துத்தான் கிதியோனுக்கு உறைத்தது, இதுவும் பதில்தான் என்று.

மருத மரத்தடியில் விருந்து பாதி முடிந்திருந்தது. குறுக்குவழியில் ஓடி வந்திருந்த லாபான், கிதியோனின் கடலைக்கொடிக் கட்டில் வாயை வைத்திருந்தது. கரை அதிரும் சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். எருமை வந்துகொண்டிருந்தது. நுரை தள்ளியிருந்தது. கால்கள் நான்கும் நான்கு பக்கம் போயின. வயிற்றில் மட்டும் ஒரு சொட்டுச் சேறுகூட இல்லை.

பாஸ்டர் ஏனோக்கு இரண்டு கால்களையும் ஊன்றி நிமிர்ந்து நின்றார். பெயர் சொல்லும்போது அவர் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை.

"கிதியோன்" என்று சத்தமாகச் சொன்னார்.

"ஸ்தோத்திரம்" என்றது சபை. மீன்கள் ஒரு நிமிடம் தங்களை மறந்து முன்வரிசைக்கே வந்துவிட்டன.

"சாட்சி சொல்லுங்க அண்ணாச்சி" என்றது ஒரு தவளை.

கிதியோனுக்குப் பேச மூச்சு இல்லை. அதன் சார்பில் கெத்தூராள்தான் பள்ளத்தில் நடந்ததைச் சொன்னது, முழங்கால் முதல் மூப்பர் வரை ஒன்றையும் விடாமல். எல்லாரும் லாபானைப் பார்த்தார்கள். லாபானின் வாயிலிருந்து ஒரு கடலைக்கொடி தொங்கியது. அதை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் அது நின்றது.

அன்று பாஸ்டர் செய்த பிரசங்கம் ஒரே ஒரு வரிதான். "பிள்ளைகளே, பெலனைக் கேட்கிறவர்கள் காலை எடுத்து வைத்துக்கொண்டே கேட்க வேண்டும், ஆண்டவர் அதை அடுத்த அடியில்தான் வைத்திருக்கிறார்."

கிதியோன் தன் கட்டின் பக்கம் போனது. கொம்பால் அதை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியை லாபானின் முன்னால் தள்ளிவிட்டு, மறு பாதியைத் தின்னத் தொடங்கியது.