பாத்திக்குத் தண்ணீர்

கொல்லைப் பாத்தியில் சின்ன வெங்காயம் ஊன்றிய பதினெட்டாம் நாள் கோமளம் இறந்துபோனாள். "பாத்திக்குத் தண்ணி விட மறந்துடாதீங்க" என்பதுதான் அவள் கணவர் அரங்கநாயகத்திடம் கடைசியாகச் சொன்னது.

அரங்கநாயகம் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். தோட்ட வேலை தெரியாது. ஊர்க்கோடி மடத்தில் தனியாகக் காய்கறி போட்டுவந்த பெண் துறவியிடம் போனார். அவளுக்கு நாற்பது வயதுதான். அவர் அம்மா என்று அழைத்தார். அவள் ஐயா என்றாள்.

அவள் சொன்னபடி வேப்பம் புண்ணாக்கு வைத்தார். பஞ்சகவ்யம் தெளித்தார். விடிந்ததும் பூவாளியோடு பாத்திக்குப் போனார். அந்த வீட்டில் அவருக்கு வேறு வேலை இல்லை.

வெங்காயம் ஊன்றிய அறுபத்தைந்தாம் நாள் மடத்துக்கு ஓடி வந்தார்.

"அம்மா, தாளெல்லாம் சாஞ்சு படுத்துடுச்சு. ரெண்டு வேளையும் தண்ணி விடறேன். எழுந்திருக்க மாட்டேங்குது."

துறவி கூடவே வந்தாள். ஓரத்தில் ஒரு குத்தைப் பிடுங்கி, வெங்காயத்தின் கழுத்தை அழுத்தினாள். கொழகொழத்தது.

"ரெண்டு வேளையா?"

"மூணு."

"கரி இன்ஜினுக்குக்கூட இத்தனை தடவை தண்ணி பிடிச்சிருக்க மாட்டீங்க, ஐயா."

அவர் சிரிக்கவில்லை. "செத்துப்போச்சா?"

"விளைஞ்சிடுச்சு. விளைஞ்சாத் தாள் சாயும். அதுக்கப்புறம் தண்ணியே கூடாது. பத்து நாள் காயணும், அப்புறம் பிடுங்கணும். இப்ப நாலு குத்துதான் அழுகியிருக்கு. இன்னும் விட்டா மொத்தமும் போயிடும்."

"அவ விடச் சொன்னாளே."

துறவி பாத்தியோரம் நிறைந்திருந்த பூவாளியை எடுத்துத் துவைகல்லின் மேல் கவிழ்த்தாள். தண்ணீர் கல்லை நனைத்து, வழிந்து, சாக்கடைப் பக்கம் போயிற்று. அது ஓய்கிறவரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெறும் பூவாளியோடு அவள் வாசலுக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

"அதை எடுத்துட்டுப் போயிட்டா, காலையில எழுந்து நான் என்ன செய்யறது?"

அவள் நின்றாள்.

"ஸ்டேஷன்ல வண்டி கிளம்பினதும் என்ன செய்வீங்க?"

"பிளாட்பாரத்துல நிப்பேன். கடைசிப் பெட்டி என்னைத் தாண்டிப் போறதைக் கண்ணால பார்க்கணும். அதுவரைக்கும் வேற எதுலயும் கை வைக்கக் கூடாது. அது ரூல்."

"பத்து நாள் நில்லுங்க, ஐயா" என்றாள் துறவி.