நடைபாதையை மறித்த கல்

நடந்து போகிற சனங்களுக்காக என்று அரசு கொட்டிக் கொடுத்த பணத்தில், கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் அந்தத் தெருவுக்கு நடைபாதை போட்டார்கள். திறந்துவைக்க வந்த நகராட்சித் தலைவர் மாசிலாமணி, சுவரோரம் ஒண்டி நின்ற சகாயமேரியின் இஸ்திரி வண்டியைப் பார்த்துவிட்டு, கடப்பாரையோடு நின்ற நகராட்சி ஆட்களிடம் சீறினார்.

"நடக்கிறவங்களுக்கு இடைஞ்சல்! கடப்பாரையால நெம்பித் தூக்கி எறிங்கடா!"

சகாயமேரிக்கு அது இருபது வருஷப் பிழைப்பு! அவர் கட்டியிருந்த வேட்டியே காலையில் அவள் தேய்த்துக் கொடுத்ததுதான்.

"சரிங்க ஐயா. ஆனா பாதையை விட்டு இறங்காம இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிவரைக்கும் நீங்களே நடந்து காட்டுங்க. எது உங்களை முதல்ல மறிக்குதோ, அதை முதல்ல எடுக்கட்டும்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் மீசையை முறுக்கிக்கொண்டு நடந்தார். வண்டியைத் தாராளமாகவே கடந்தார். இன்னும் பத்தடி போனதும் நின்றுவிட்டார். பாதையை அடைத்துக்கொண்டு மார்பளவு உயரத்தில் திறப்புவிழாக் கல்வெட்டு நின்றது. அதில் பொன்னெழுத்தில் அவர் பெயர். சுற்றிப் போகலாமென்று சாக்கடைப் பக்கம் காலை இறக்கப் போனார்.

"இறங்காதீங்க ஐயா, வேட்டி அழுக்காயிடும்" என்ற சகாயமேரி, திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"கடப்பாரை வச்சிருக்கிற அண்ணே, இங்க வாங்க!"