வெளியே வந்த ஒருத்தர்

குணசீலனுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய குரு மெகருன்னிசாவுக்கு முப்பதுதான். கோயம்புத்தூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, போனிலோ கணினியிலோ யார் வேண்டுமானாலும் சும்மா ஆடிப் பார்க்கக்கூடிய சின்னச் சின்ன ஆட்டங்களைச் செய்வது மெகரின் தொழில். கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு அதைக் கற்றுக்கொள்ள வந்தவர் குணசீலன்.

அவர் செய்த ஆட்டங்களை ஒருவரும் சீந்தவில்லை. கடைசியாகக் கதவு ஆட்டத்தைச் செய்தார். திரையில் ஒரு கதவு. விரலால் தட்டினால் திறக்கும். உள்ளே ஒரு பூனைக்குட்டியோ, ஒரு லட்டோ. அதற்குப் பின்னால் இன்னொரு கதவு.

மறுநாள் மத்தியானம் மெகரிடம் ஓடிவந்தார்.

“மேடம், பாருங்க. ஆடறவங்க ஒவ்வொருத்தரும் ஒரு புள்ளி.”

திரை முழுக்கப் புள்ளிகள். எறும்புச் சாரை மாதிரி உள்ளே, இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தன.

“எல்லாருக்கும் பிடிச்ச ஆட்டம்னா இதுதானுங்களே?”

மெகர் புள்ளிகளைப் பார்த்தாள்.

“உங்க வீட்டுல யாராச்சும் ஆடறாங்களா சார்?”

“என் சம்சாரம் சுகந்தி ஆடறா. காலையில எனக்கு டாட்டா காட்டக்கூட நிமிரலைன்னா பாருங்க!”

“போய் அவங்களைப் பார்த்துட்டு வாங்க. அப்புறம் பதில் சொல்றேன்.”

வீட்டுக் கதவு உள்ளே தாழிடாமல் சாத்தியிருந்தது. குணசீலன் தட்டினார். உள்ளிருந்தும் யாரோ தட்டினார்கள். டக். டக்.

“சுகந்தி?”

டக்.

தள்ளித் திறந்தார். காஸ் நெடி முகத்தில் அறைந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. ஓடிப்போய்க் காஸை மூடினார். ஜன்னல்களைத் திறந்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் சுகந்தி உட்கார்ந்திருந்தாள். எதிரே போன். சார்ஜ் தீர்ந்து எப்போதோ அணைந்துபோயிருந்தது. கறுத்த கண்ணாடியை விரல் தட்டிக்கொண்டிருந்தது.

தோளைப் பிடித்து உலுக்கினார். அவள் சிரித்தாள்.

“இருங்க. இன்னும் ஒரே ஒரு கதவு.”

கைத்தாங்கலாகப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் தெளித்ததும் பேச்சு தெளிந்தது. என்ன நடந்ததென்று கேட்டாள். கேட்கும்போதே, முந்தானைக்குள் அந்த விரல் அசைந்ததை அவர் பார்த்துவிட்டார்.

சாயங்காலம் வெளிறிய முகத்தோடு மெகரின் முன்னால் வந்து நின்றார். ஆட்டத்தை மொத்தமாக நிறுத்தும் பொத்தானின் மேல் கையை வைத்தார். கை அழுத்தவில்லை. மத்தியானத்தைவிடப் புள்ளிகள் பெருகியிருந்தன.

“நிறுத்தத்தான் வந்தேன் மேடம்...”

“ம்.”

“ஆனா இத்தனை பேர் உள்ள இருக்காங்களே. பிடிக்காமலா இருப்பாங்க?”

மெகர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“வெளிய வந்த ஒருத்தரைக் காட்டுங்க சார். கேட்டுச் சொல்றேன்.”