பார்த்த பக்கம் போகும் கார்

ஊசிப்பாளையத்துக்காரர்கள் நல்லவர்கள். ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். ஒரு சொல் கூடவும் விடமாட்டார்கள், குறையவும் விடமாட்டார்கள். அவர்களோடு இருக்கிற தொல்லையே அதுதான்.

அந்த ஊர் நாச்சிமுத்துவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண், கருக்கம்பட்டி மரகதம். பெண் பார்க்கப் போன அன்று, பெரியவர்கள் முன்னால் தலையைக் குனிந்து உட்கார வேண்டும் என்று தாய்மாமன் கிட்டுசாமி சொல்லிக் கூட்டிப்போனார். எப்போது நிமிர வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டார். அதனால் நாச்சிமுத்து அன்று முழுக்க மிக்சர் தட்டைத்தான் பார்த்தான். தட்டில் நிலக்கடலை எங்கெங்கே கிடந்தது என்று இப்போது கேட்டாலும் சொல்வான். மரகதத்துக்கு மூக்கு எப்படி என்று கேட்டால் முழிப்பான். கல்யாணத்தன்றாவது அவள் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கத்தில் அவனுக்குச் சோறே இறங்கவில்லை.

பெண்ணின் அப்பா ராக்கியப்பன் கண்டிப்பான ஆள். முகூர்த்தம் தவறினால் காத்திருக்க மாட்டேன், மரகதத்தின் அத்தை மகனைப் பிடித்து மணையில் உட்கார வைத்துவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அத்தை மகனும் புது வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் தடவி, தயாராகவே திரிந்தான்.

இந்த நேரத்தில்தான் கார் வந்தது. கோயம்புத்தூர் மில் முதலாளி மகன் சஞ்சய், பந்தயத்தில் கார் ஓட்டுகிறவர். போன மழைக்காலத்தில் தன் சிவப்புக் காரை ஊசிப்பாளையம் வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டார். நாச்சிமுத்துவும் அவன் கூட்டாளி வெள்ளிங்கிரியும்தான் டிராக்டரில் கட்டி இழுத்துக் கரையேற்றினார்கள். அந்த நன்றிக்கு, மாப்பிள்ளை அந்தக் காரிலேயே போகட்டும் என்று கல்யாணத்துக்கு முதல் நாள் கொண்டுவந்து விட்டார். விட்டவர் சும்மா போயிருக்கலாம். ஓட்டும் முறையையும் சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணா, இது சாதாரண கார் இல்ல. வேகமாப் போறப்போ காத்து பின்பக்கம் பலகையாட்டம் நிக்கிற இந்த றெக்கையை அமுக்கும். அப்பத்தான் வண்டி ரோட்டைப் புடிச்சுக்கிட்டு ஆடாமப் போகும். ரெண்டு பக்கமும் எடை சமமா இருக்கணும். வளைவுல பிரேக் போடாதீங்க, வளைவுக்கு முன்னாலயே போட்டுடுங்க. எல்லாத்தையும் விட முக்கியம், எங்க போகணுமோ அங்க பாருங்க. குழியைப் பார்த்தா குழிக்குத்தான் போகும். கண்ணு போற பக்கம்தான் கார் போகும்."

மெதுவாகப் போனால் காற்று அமுக்காதா என்று வெள்ளிங்கிரி கேட்டான். அமுக்காது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு சஞ்சய் வேறொரு காரில் ஏறிப் போய்விட்டார். நாச்சிமுத்து, வெள்ளிங்கிரி, கிட்டுசாமி மாமா மூன்று பேரும் சிவப்புக் காரைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"வேகமாப் போனா காத்து அமுக்கும். மெதுவாப் போனா அமுக்காது. சும்மா நின்னா?" என்றார் கிட்டுசாமி மாமா.

"நின்னா அமுக்க ஆளே இல்லீங்களே மாமா," என்றான் வெள்ளிங்கிரி.

அடுத்தவர் பொருள். ராத்திரி அது பாட்டுக்குப் பறந்து போய்விட்டால் யார் பதில் சொல்வது? எருமை கட்டும் கயிற்றைக் கொண்டுவந்து காரைத் தென்னை மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். மாமா கயிற்றையும் நம்பாமல் றெக்கையின் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டார். விடிந்தபோது கார் அங்கேயே இருந்தது. மாமாவுக்கு ஒரே பெருமை.

மறுநாள் புறப்படும் முன் எடையைச் சரிபார்த்தார்கள். காரில் இரண்டே இருக்கை. நாச்சிமுத்து பருமன், ஓட்டப் போகும் வெள்ளிங்கிரியோ காற்றடித்தால் சாய்கிற உடம்பு. அதனால் வீட்டு அம்மியைத் தூக்கி வெள்ளிங்கிரியின் மடியில் வைத்தார்கள். காற்றுக்குப் பதிலாக மாமா றெக்கையின் நட்டநடுவில் உட்கார வேண்டும் என்று முடிவானது.

"வேகம் கூடக் கூடக் காத்து அமுக்க ஆரம்பிச்சுரும் மாமா. அப்ப நீங்க கொஞ்சம் கொஞ்சமா எந்திரிச்சுக்கணும்," என்றான் வெள்ளிங்கிரி.

வெற்றிலையை ஒரே கன்னத்தில் அடக்கிக்கொள்ளக் கூடாது என்றும் அவருக்குக் கண்டிப்பாகச் சொன்னார்கள். அவர் அதைப் பிரித்து இரண்டு கன்னத்திலும் சமமாக வைத்துக்கொண்டார்.

வெள்ளிங்கிரி வண்டியைக் கிளப்பினான். இன்ஜின் உறுமியது. சக்கரம் சுற்றியது, புழுதி பறந்தது, கோழிகள் கூரைமேல் ஏறின. கார் மட்டும் இம்மிகூட நகரவில்லை. மாமாவின் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாடா, எப்படி ரோட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு. ஒரு ஆட்டம் இல்ல, ஒரு அசைவு இல்ல."

ஊரே கூடி நின்று அதன் உறுதியைப் பாராட்டியது. தென்னை மரம்தான் ஆடியது. ஒரு தேங்காய் விழுந்து மாமாவின் மடியில் உட்கார, நல்ல சகுனம் என்றார்கள். வெகுநேரம் கழித்து அந்தப் பக்கம் வந்த பால்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓட்டச் சொல்லிவிட்டுப் போனார். அவர் வெளியூர்.

கயிற்றை அவிழ்த்ததும் கார் ஊர் எல்லை வரைக்கும் அருமையாகப் போனது. அங்கே வெள்ளிங்கிரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மாப்ள, வளைவு எங்க இருக்கு?"

"சர்க்கரை ஆலை தாண்டி," என்றான் நாச்சிமுத்து.

"அப்ப நாம இன்னும் வளைவுக்கு வரல. இது வளைவுக்கு முன்னாலதான?"

நாச்சிமுத்து நன்றாக யோசித்துப் பார்த்தான். மறுக்க முடியவில்லை. வெள்ளிங்கிரி உடனே பிரேக்கை மிதித்தான். ஒரு காலில் பிரேக், மறு காலில் ஆக்சிலரேட்டர், மடியில் அம்மி. கார் நின்ற இடத்திலேயே நின்று முழங்கியது. காலை எப்போது எடுப்பது என்று மாமாவைக் கேட்டார்கள். வளைவைத் தாண்டிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றார் மாமா. தாண்டினால் அடுத்த வளைவு வருமே என்றான் வெள்ளிங்கிரி. அப்படியானால் காலை எடுக்கவே வேண்டாம் என்று தீர்ந்தது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கழுத்து மாலையின் பூ வாடத் தொடங்கியது. அத்தை மகனின் எண்ணெய்த் தலை நாச்சிமுத்துவின் கண்முன்னால் வந்து வந்து போனது. மரகதத்தின் முகம் வரவில்லை, பார்த்திருந்தால்தானே வரும். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து இன்ஜினும் அடங்கிப்போனது. பெட்ரோல் தீர்ந்திருந்தது. இதை உங்களிடம் சொல்கிறேன், அவர்களுக்குத் தெரியாது. கார் களைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிங்கிரி ஓடிப்போய் டிராக்டரைக் கொண்டுவந்தான். அதே எருமைக் கயிற்றால் காரைப் பின்னால் கட்டினான். நாச்சிமுத்து ஸ்டியரிங் பக்கம் மாறி உட்கார்ந்தான். பக்கத்து இருக்கையில் அம்மியை வைத்து பெல்ட்டும் மாட்டினார்கள். டிராக்டர் சர்க்கரை ஆலை வளைவில் நிற்காமல் திரும்பியது. வளைவுக்கு முன்னால் பிரேக் போடச் சொல்லி டிராக்டருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை அல்லவா.

வழியில் நாச்சிமுத்து ஒரு கரும்புச்சாறு கடையைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் கார் அங்கே போய் நின்றது. டிராக்டரில் இருந்த வெள்ளிங்கிரிக்குத் தாகம். மாமா றெக்கையில் இருந்தபடியே தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்ணு போற பக்கம்தான் போகும்னு அந்தத் தம்பி படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சே. கண்ணை அடக்குடா."

நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் சுரீர் என்றது. மண்டபத்தில் மரகதம் இருப்பாள். அவளைத்தான் பார்க்கப் போகிறான். கண் போகிற பக்கம் கார் போகும். அய்யோ, கட்டிக்கொள்ளப் போகிறவள் மேலேயே ஏற்றிவிடுவேனே என்று பதறினான். மாமாவிடம் சொன்னான். மாமா இறங்கி வந்து, தன் தோளில் கிடந்த துண்டால் அவன் கண்ணை இறுக்கிக் கட்டிவிட்டு, மறுபடியும் போய் றெக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

முகூர்த்தம் முடியும் நேரத்தில் டிராக்டர் மண்டபத்து வாசலுக்கு வந்தது. பின்னால் சிவப்புக் கார், உள்ளே கண்ணைக் கட்டிய மாப்பிள்ளை, பக்கத்தில் பெல்ட் போட்ட அம்மி, மேலே மாமா. அத்தை மகன் ஒரு காலை மணையில் வைத்திருந்தான், இவர்களைக் கண்டு எடுத்துவிட்டான். நாச்சிமுத்துவைக் கைபிடித்து நடத்திக்கொண்டுபோய் மணையில் உட்கார வைத்தார்கள்.

ராக்கியப்பன் துண்டை அவிழ்க்கச் சொல்லிக் கத்தினார். நாச்சிமுத்து துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாமுங்க மாமா. கார் வாசல்லயே நிக்குது. நான் பார்த்தா உங்க புள்ள மேல ஏறிருமுங்க. எனக்குப் பார்க்கணும்னு உசுரே போகுது, ஆனாலும் பார்க்க மாட்டனுங்க."

கருக்கம்பட்டிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. விஷயத்தைக் கேட்டுக் கவலையோடு வாசலைப் பார்த்தார்கள், பிறகு பயந்து அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஐயர் மட்டும் நேரமாகிறது, நேரமாகிறது என்றார்.

அப்போது மரகதம் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"கார் வெளிய இருக்கறதுனாலதான பயம்? நாம ரெண்டு பேரும் காருக்குள்ள போயி உக்காந்துக்கலாமுங்க. உள்ள இருக்கறவங்க மேல கார் எப்படி ஏறும்?"

ராக்கியப்பனுக்கு நெஞ்சு பூரித்துவிட்டது. இப்படி ஒரு அறிவு யாருக்கு வரும் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். நாச்சிமுத்துவை ஸ்டியரிங் பக்கம் ஏற்றி, அம்மியை இறக்கிவிட்டு அந்த இடத்தில் மரகதத்தை உட்கார வைத்தார்கள். அவள் மாப்பிள்ளையைவிட எடை குறைவு என்று வெள்ளிங்கிரி ஆட்சேபம் செய்ய, அம்மியைத் திரும்பவும் அவள் காலடியில் வைத்தார்கள். அம்மி மிதிக்கும் சடங்கும் அதிலேயே முடிந்தது. ஐயர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு மந்திரம் சொன்னார். மாமா துண்டை அவிழ்த்தார்.

நாச்சிமுத்து அவளைப் பார்த்தான். மூக்கு அளவான மூக்கு, பக்கத்தில் ஒரு சின்ன மச்சம். எவ்வளவு நாள் ஆசை. அவன் பார்த்தபடியே தாலியைக் கட்டினான், அவளும் அவனையே பார்த்தாள், சனம் காரின் கண்ணாடிமேல் அட்சதை போட்டது.

சாப்பாடு முடிந்து ஊருக்குக் கிளம்பும் நேரம். இந்த முறை காரைச் சொந்தக் காலில் ஓட்டிப் போகலாம் என்று வெள்ளிங்கிரி டிராக்டரைக் கழற்றிவிட்டான். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சாவியைத் திருகினான். அசைவில்லை. மறுபடியும் திருகினான். மாமா றெக்கையிலிருந்து குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரை ஒருவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்புறம் எப்படிடா நகரும்? பார்க்கற இடத்துக்கு வண்டி வந்து சேர்ந்துருச்சு," என்றார் மாமா.

சாயங்காலம் சஞ்சய் போன் செய்து, கார் எப்போது வரும் என்று கேட்டார். மாமா றெக்கைமேல் இருந்தபடியே பதில் சொன்னார்.

"கார் கல்லாட்டம் நிக்குதுங்க தம்பி. அவங்க ரெண்டு பேருக்கும் என்னிக்காச்சும் சண்டை வந்து, ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பினாத்தான் கிளம்பும். அப்ப ரெண்டாப் பிச்சுக்கிட்டுத்தான் போகும், ஆனா எடை ரெண்டு பக்கமும் சமமா வெச்சிருக்கறோம். எந்தப் பாதி வேணும்னு மட்டும் சொல்லுங்க, பொண்ணைக் கோயம்புத்தூர்ப் பக்கமாப் பார்த்துக் கோவிச்சுக்கச் சொல்றனுங்க."