வாத்தியார் குதித்த சுவர்

கலியபெருமாள் அன்று தியானத்தில் உட்காரவில்லை. மற்றவர்கள் கலைந்து போகும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து செங்கமலம் அம்மாவை வணங்கினார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது. எட்டு வருடமாக இவர் அம்மாவின் சீடர்.

"அம்மா, எனக்கு வரவேண்டிய வாடகையை எப்படி வாங்கறது?"

"யார் தரணும்?"

"என் வீட்டு மாடியில குடியிருந்தாரே, கோவிந்தராசு வாத்தியார். அட்வான்ஸ்ல கழிச்சது போக இன்னும் நாலு மாச வாடகை நிக்குது. தந்துடறேன்னு சொல்லித்தான் காலி பண்ணினார். ஆறு மாசம் ஆச்சு. எனக்குப் பென்ஷன் கிடையாதும்மா. அந்த வாடகையை நம்பித்தான் எங்க சாப்பாடு. என் சம்சாரத்துக்குக் கண் ஆபரேஷன் தள்ளிக்கிட்டே போகுது. ஒரு கண்ணுல வெளிச்சம் மட்டும்தான் தெரியுதுங்கறா."

"நேர்ல போய்க் கேட்டீங்களா?"

"மூணு தடவை போனேன். முதல் தடவை அவர் மனைவிதான் கதவைத் திறந்தது. 'அவர் வெளியூர் போயிருக்கார்'னு சொல்லிச்சு. அவர் செருப்பு வாசல்லயே கிடக்கு. 'வெறுங்காலோடயா ஊருக்குப் போனார்?'னு கேட்டுட்டு வந்தேன். அடுத்த தடவை போனப்ப செருப்பு இல்லை."

"அவர்?"

"இருந்தார். உள்ளே இருமல் சத்தம் கேட்டுது."

"மூணாவது தடவை?"

கலியபெருமாள் மேல்துண்டின் நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"போன ஞாயித்துக்கிழமை. விடிஞ்சதும் விடியாததுமா போனேன். கதவு திறந்திருந்தது. நேரே கூடத்துக்கே போயிட்டேன். கொல்லைப்பக்கம் தொப்புனு ஒரு சத்தம். எட்டிப் பார்த்தா, வாத்தியார் சுவரேறிக் குதிச்சு சந்துல ஓடறார். லுங்கியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டி ஓடறார். அங்கே கிரிக்கெட் விளையாடிக்கிட்டிருந்த பசங்க எல்லாம் அவர்கிட்ட கணக்கு படிச்சவங்க. 'டேய், கணக்கு சார் ஹைஜம்ப்டா!'ன்னு கத்தினாங்க."

"நீங்க?"

"சிரிச்சேன்."

கலியபெருமாள் துண்டை விரலிலிருந்து அவிழ்த்தார்.

"அவர் மனைவி அங்கேயேதான் நின்னுக்கிட்டிருந்தது, அம்மா. என் முகத்தையே பார்த்துது. நான் அப்பவும் சிரிச்சேன். அப்புறம் டீக்கடையில வந்து நடிச்சும் காட்டினேன்."

செங்கமலம் அம்மா எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தார். கிணற்றுக்கு அப்பால் ஆளுயரச் சுவர் இருந்தது.

"இன்னிக்கு வீட்டுக்கு அந்தப் பக்கமாப் போங்க."

"அங்கே சுவர்தானே இருக்கு?"

"ஆமாம்."

கலியபெருமாள் அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினார். வேட்டியை மடித்துக் கட்டினார். எப்படியோ ஒரு காலை அந்தப் பக்கம் போட்டுவிட்டார். மற்றக் கால் வரவில்லை. உள்ளங்கை உரிந்து எரிந்தது.

சந்தில் கீரைக்காரி வந்தாள். கூடையோடு நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன பெரியவரே, சாவியை உள்ளாற வச்சுப் பூட்டிட்டியளா?"

"ஆமாம்மா."

"இந்த வயசுல இதென்ன வேலை? இருங்க, டீக்கடையில ஆளுங்க இருக்காங்க, கூப்பிடுறேன்."

"வேண்டாம்! யாரையும் கூப்பிடாதே. நீ போம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் போனாள். சந்து முனை திரும்பும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கலியபெருமாள் சுவர்மேல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு வந்த பக்கமாகவே சறுக்கி இறங்கினார்.

அம்மா சிரித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தபடி உள்ளே வந்தார். அவர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கிழிந்த வேட்டியையோ கையையோ பார்க்கவில்லை. சொம்பில் தண்ணீர் மட்டும் எடுத்து வைத்திருந்தார்.

கலியபெருமாள் குடித்தார்.

"அந்த வாடகை எனக்கு வேண்டாம்மா. விட்டுடறேன்."

"விட்டுட்டு உங்க சம்சாரத்துக்கு என்ன பதில் சொல்வீங்க? அது உங்க பணம். கேளுங்க."

"இனிமே எந்த முகத்தை வச்சுக்கிட்டு அங்கே போவேன்?"

"இன்ன நாள், இத்தனை மணிக்கு வர்றேன்னு முன்கூட்டியே சொல்லி அனுப்பிட்டுப் போங்க."

கலியபெருமாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"சொல்லி அனுப்பினா, நான் போய்ச் சேர்றதுக்குள்ளே அவர் கிளம்பிப் போயிடுவாரே, அம்மா!"

"போகட்டும்," என்றார் குரு. "வாசல் வழியாப் போவார்."