அணை என்றொரு சொல்

முன்னொரு காலத்திலே, மேகம் இறங்கி மரத்தடியில் தூங்குற ஒரு காட்டிலே, கொம்பையான்னு ஒரு விறகுவெட்டி இருந்தான். ஆளு மலை மாதிரி. முள்ளு குத்தினா மட்டும் ஊரைக் கூட்டுவான். அவன் பெண்சாதி வெள்ளைச்சி கெட்டிக்காரி.

ஒருநாள் கருவேலமுள்ளு அவன் குதிகால்ல ஏறி உள்ளேயே முறிஞ்சிடுச்சு. கால் சிவந்துச்சு, சுட்டுச்சு, வீங்குச்சு, வலிச்சுச்சு. தொடை இடுக்கிலே நெறியும் கட்டிக்கிச்சு. "ஐயோ, தீயா எரியுதே!"

சத்தம் கேட்டு வந்தான் மாயாவி காளகண்டன். செத்தவங்க உயிரைத் தின்னு பிழைக்கிற பயல். ஒரு பளிங்கு மணியை நீட்டினான். "இதுக்குத் தெரிஞ்சது 'அணை'ங்கிற ஒரே சொல்லு. மூணு தடவை சொல்லலாம்."

கொம்பையா யோசிச்சானா? எங்கே! மணியைப் பிடுங்கி, "தீயே, அணை!"ன்னான். சிவப்பு போச்சு, சூடு போச்சு, வீக்கம் போச்சு, வலியும் போச்சு. எழுந்து கூத்தாடினான் மனுஷன்.

பொழுது சாயறதுக்குள்ளே கால் கறுத்துக் குளிர்ந்துச்சு. கறுப்பு முழங்காலுக்கு ஏற, அவன் கண்ணு செருகுச்சு. வெள்ளைச்சி ஓடிவந்து அவன் கையிலிருந்த மணியை எடுத்தா. மணி வழியா அவன் காலைப் பார்த்தா.

உள்ளே கனவு மாதிரி ஒரு ஊரு. தெருவெல்லாம் வெள்ளை வீரர்கள் தூங்குறாங்க. முள்ளோட வந்த குட்டிப் பிசாசுகள் அவங்களைத் தாண்டி நடக்குதுங்க. ஒரு வீரன் மட்டும் அரைத்தூக்கத்திலே முனகினான்:

"தாயி, நாங்க ஓடிவர ரத்தம் பாதையை அகலமாத் திறந்துச்சு, அதான் சிவப்பும் சூடும். பாதையோரம் நீர் கசிஞ்சுச்சு, அதான் வீக்கம். அவன் காலை ஊனாம இருக்க வலி காவல் நின்னுச்சு. உன் புருஷன் எங்களையே அணைச்சுட்டானே!"

"அட பாவி மனுஷா!" அவன் காலை மாரோட சேர்த்துப் பிடிச்சு அழுதா. வேற சொல்லு கிடையாதே! அப்பத்தான் அவளுக்குப் பொறி தட்டுச்சு. இப்படிக் கட்டிப் பிடிக்கிறதும் அணைக்கிறதுதானே? "படையே, பிசாசை அணை!"

வீரர்கள் துள்ளி எழுந்து, பிசாசுகளைக் கட்டி அணைச்சு விழுங்கினாங்க. பலபேர் அதிலேயே மாண்டாங்க. அவங்கதான் சீழா வெளியே வந்தாங்க, முள்ளையும் தள்ளிக்கிட்டு. "ஐயோ, வலிக்குதே!"ன்னு கொம்பையா கத்த, வெள்ளைச்சி சிரிச்சா.

ஆனா ஜெயிச்ச ஜோரிலே வீரர்கள் சொந்த ஊர்ச் சுவரையே இடிக்கத் தொடங்கினாங்க. "போதும் ராசாக்களா! கோபமே, அணை!" மெல்ல மெல்லச் சூடு தணிஞ்சுச்சு. மணி தூளாச்சு, தின்ன உயிர் கிடைக்காம மாயாவி புகையாப் போனான்.

"இன்னும் லேசா வலிக்குதடி"ன்னான் கொம்பையா.

"வலிக்கட்டும் மாமா. உள்ளே உனக்காக ஆளு இருக்காங்க."

அவன் வாழ்க்கையிலே முதல் தடவையா, வலிச்சும் ஊரைக் கூட்டாம படுத்திருந்தான்.

புண்ணுபட்டவங்க ஆறட்டும், கதை கேட்டவங்க வாழட்டும்!